கண்டதும் ஓர் அமானிதமே

"பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பது நம்மிடையே பழகிப்போன பேச்சு. தொட்டால் குற்றம், எடுத்தால் திருட்டு, அடித்தால் கொடுமை. பார்ப்பதில் மட்டும் யாருக்கு என்ன இழப்பு? மலரைப் பார்ப்பதால் அதன் மணம் குறைவதில்லை. நிலவைப் பார்ப்பதால் அது தேய்வதில்லை. ஆகவே, மலைக்கும் காட்டுக்கும் சென்று பறவைகளையும் விலங்குகளையும் கண்டு வருவதைப் போல மாசற்ற பொழுதுபோக்கு வேறொன்றில்லை என்று நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை எவ்வாறு உடைந்தது, உடைந்தபின் அதன் இடத்தில் எது வந்து நின்றது என்பதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

சங்ககிரி என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருபவை லாரிகளும், சிமெண்டுத் தொழிற்சாலையும், மலைமீது படிப்படியாக ஏறிச்செல்லும் கோட்டை மதில்களும்தாம். விஜயநகர ஆட்சியில் எழுந்து, பின்னர் திப்பு சுல்தானின் படைகள் தங்கிய கோட்டை அது. 1805ஆம் ஆண்டில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். பெருமாள் கோயிலையும் தர்காவையும் ஒரே மலை தாங்கி நிற்கிறது. வரலாறு உண்டு, வாணிகம் உண்டு, ஆனால், "உங்கள் ஊரில் காடு எங்கே, பறவை எங்கே?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு.

அவர்கள் நகைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வெயிலில் வெந்து கிடக்கும் பாறைக்குன்றுகள், அவற்றின் இடுக்குகளில் முட்செடிகளும் கள்ளியும், அடிவாரத்தில் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலங்கள், வரப்போரப் பனைகள். இதுவே நம் நிலத்தின் தோற்றம். ஆனால் பொறுமையோடு நோக்குபவனுக்கு இந்த வறண்ட நிலம் ஒரு விரிந்த ஏடு. பனையோலை நுனிகளில் தூக்கணாங்குருவி ஊஞ்சலாடுகிறது. மழைக்காலத் தொடக்கத்தில் வடக்கேயிருந்து இரவோடு இரவாக வந்து சேரும் ஆறுமணிக் குருவி, காலையும் மாலையும் ஏறத்தாழ அந்த மணிக்கே குரல் கொடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. இத்தகைய பாறைக்குன்றுகளுக்கே உரிய மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றொரு பறவை உண்டு. தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பார் 1845இல் அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அடர்ந்த மலைக்காடு வேண்டுவோர்க்கு வடகிழக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை. காவிரியைக் கடந்து வடமேற்கே சென்றால் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் கண்ணாரக் கண்டு களித்தவர்களில் நாமும் ஒருவர்.

நம் நம்பிக்கையை உடைத்தது பெரிய மலைகளில் ஒன்றன்று. ஊருக்கு அருகிலிருந்த சிறு குன்று. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முன்னொரு காலத்தில் அதன் ஒரு பக்கத்தைக் கல்லுக்காக உடைத்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். ஒரு மாசி மாதத்து விடியலில், சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம். வெட்டுண்ட பாறைச் சுவரின் நடுவே, ஒரு சிறு விளிம்பிலிருந்து இரண்டு செம்மஞ்சள் கண்கள் நம்மை நோக்கின. கொம்பன் ஆந்தை, ஊரார் கோட்டான் என்பர். அது கூடு கட்டுவதில்லை. பாறையின் பள்ளத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கும். தாய் அசையவில்லை, கண்களை மட்டும் பாதி மூடிக்கொண்டது. அந்தக் காலைப்பொழுதில் நம் உள்ளத்தில் எழுந்த உவகையைச் சொல்லி முடியாது. வயல் எலிகளைத் தின்று உழவனுக்கு உதவும் பறவை. அபசகுனம் என்று பழிக்கப்பட்டுக் கல்லெறி வாங்கும் பறவை. அது நம் கண்ணெதிரே தன் வாழ்வைத் திறந்து வைத்திருந்தது.

அந்த உவகையை நம்மால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. அன்று மாலையே இரு நண்பர்களிடம் சொன்னோம். இருவரும் நல்லவர்கள். அவர்கள் எடுத்த படம் கைப்பேசி வழியே ஊர் ஊராகப் போயிற்று. அடுத்த ஞாயிறு ஐவர் வந்தனர். அதற்கடுத்த ஞாயிறு பதினால்வர். பறவை சிறகு விரிக்கும் காட்சி வேண்டும் என்று ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் கண்களின் நிறம் நன்றாக விழவேண்டும் என்று விளக்கை நேரே காட்டினார். காலை பத்து மணியளவில் தாய் எழுந்து பறந்தது. கூட்டம் கலைய நண்பகலாயிற்று. அதுவரையில் முட்டைகள்மீது வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நாம் அங்கேதான் நின்றோம். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம், சொல்லவில்லை. வந்தவர்கள் நம் சொல்லைக் கேட்டு வந்தவர்கள். அவர்கள் நம்மைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையை மறைப்பானேன்? அந்தப் பாராட்டு நமக்கு இனித்தது.

மறுவாரம் சென்றபோது விளிம்பில் ஓட்டுத் துணுக்குகள் கிடந்தன. காகங்கள் இரண்டு உட்கார்ந்திருந்தன. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நம்மைக் கண்டு அருகே வந்தார்.

"சின்னப் பையனா இருந்த காலத்துல இருந்து அந்தக் கோட்டான் அங்கதானுங்க பாய் இருக்குது. ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியுமுங்க. ஆனா ஒருத்தரும் நின்னு பார்க்கமாட்டோம். பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருவோமுங்க" என்றார்.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் தாங்கியிருப்போம்.

அன்று முதல் நம்மைத் தொடர்ந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. நாம் ஒன்றையும் எடுக்கவில்லை, அடிக்கவில்லை, தொடவுமில்லை. பார்த்தோம், பார்த்ததைச் சொன்னோம். இவ்விரண்டில் எது குற்றம்?

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் பொருளில், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்குச் சேதம் விளைவிப்பதும், முட்டைகளையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி ஏந்தியவனும், அடைகாக்கும் தாயைக் கைதட்டி எழுப்பியவனும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். முதலில் இது மிகையாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தபோது, மிகை சட்டத்தில் இல்லை. நம்மைப் பற்றி நாம் கொண்டிருந்த நல்லெண்ணத்தில்தான் இருந்தது என்று தெளிந்தோம்.

பார்க்கப்படுவதற்கு ஒரு விலை உண்டு. அதனைப் பார்ப்பவன் கொடுப்பதில்லை. பார்க்கப்படும் உயிர் கொடுக்கிறது. மனிதனைக் கண்டு தலைதூக்கும் மான், அந்த நேரத்தில் மேய்வதில்லை. கூட்டை விட்டு எழும் பறவை, அந்த நேரத்தில் குஞ்சுக்கு நிழலாவதில்லை. மலைக்காட்டில் ஒளிந்து திரியும் ஒரு பறவையை வெளியே வரவழைக்க, அதன் இனத்தின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிடும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. தன் எல்லைக்குள் ஒரு பகைவன் நுழைந்துவிட்டான் என்று அஞ்சி ஆண்பறவை ஓடிவருகிறது. நாம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அது வராத பகைவனை நெடுநேரம் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதரை இவ்வாறு பொய் சொல்லி வீட்டைவிட்டு வெளியே அழைத்தால் அதனை வஞ்சகம் என்போம். பறவையிடம் செய்தால் மட்டும் அது திறமையாகிவிடுமா?

பயணக்கூட்டம் ஒன்றில் பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடிப்பதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அக்குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்கள் என்னும் செய்தி நம் இல்லங்களில் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தத் தோழர்கள் கொடியவர்கள் அல்லர். அழகிய ஒன்றைக் கண்டார்கள், கையில் எடுத்தார்கள், அவ்வளவே. நாமோ கையில் எடுக்காமலேயே அத்தாயைத் தவிக்க விட்டோம். திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கும் நம்மிடம் ஒன்றுமில்லை.

இந்த ஆசையின் வேர் எது? எண்ணிக்கை மோகம் என்று முதலில் எண்ணினோம். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பரத்பூர் நீர்நிலையில் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக்குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்த எண் பெருமையோடு கல்லில் பொறிக்கப்பட்டது. இன்று அதனைப் படித்து நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், ஒரு நாளைப் பொழுதில் எத்தனை இனங்களைக் கண்டோம் என்று எண்ணி, அண்டை ஊர் நண்பரின் பட்டியலைவிட நம் பட்டியல் இரண்டு கூடுதல் என்று மகிழ்ந்த நாள்கள் நமக்கும் உண்டு. குண்டு இல்லை, குருதி இல்லை; எனினும் 'என் கணக்கில் இத்தனை' என்னும் அந்த நஃப்ஸின் குரல் மட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

பறவையறிஞர் சாலிம் அலியின் வாழ்வும் துப்பாக்கியோடுதான் தொடங்கியது. 1896இல் பம்பாயில் பிறந்த அவர், சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. 'இது என்ன குருவி?' என்று அறியும் ஆவல் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்கு இட்டுச்சென்றது. 1930இல் கிகிம் என்னும் கடலோர ஊரில் மறைந்திருந்து தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டபின்னரே அதனை முடிக்கும். முடித்தபின் வேறொரு கூட்டையும் தொடங்கும் என்று கண்டு எழுதினார். நம் பனைமரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்ததை, பார்த்துக்கொண்டிருந்த நாம் அறியவில்லை, நோக்கியவர் அறிந்தார். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்ததையும் அவர் மறைத்ததில்லை. 1985இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அக்குருவி வீழ்ந்ததையே அதற்குத் தலைப்பாக்கினார். தொடங்கிய இடத்தை மறவாத அந்த நேர்மை நமக்கு ஒரு பாடம்.

இவற்றையெல்லாம் எண்ணிய நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிக் கண்டதை எவரிடமும் சொல்வதில்லை. குறிப்பேட்டை எழுதினோம், ஆனால் மூடியே வைத்தோம். நண்பர்கள் கேட்டால், "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சிரித்து மழுப்பினோம். மூன்றாம் ஆண்டு அந்தக் குன்றுக்கே ஆந்தை திரும்பி வந்தது. தொலைவிலிருந்து கண்டோம், வாய் திறக்கவில்லை. நம் மௌனத்தை நாம் பெரும் புண்ணியமாகக் கருதிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புண்ணியம் எத்துணை மெல்லியது என்பது ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்தில் விளங்கிற்று. அந்தக் குன்றைக் கல் உடைக்கக் குத்தகைக்கு விடுவது பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. அறிக்கை ஒன்றைப் படித்தார்கள். பாறையின் அளவு, லாரி செல்லும் பாதை, கிடைக்கும் வேலை எல்லாம் அதில் இருந்தன. உயிரினங்கள் என்னும் தலைப்பின்கீழ், குறிப்பிடத்தக்க பறவைகள் ஏதும் இல்லை என்று ஒரே வரி.

அந்த வரியை எழுதியவரைக் குறைசொல்ல நமக்கு வாய் ஏது? அவர் கேட்டிருந்தால் நாமும் அதையேதான் சொல்லியிருப்போம்: "ஒன்றும் பெரிதாக இல்லை."

அப்பொழுதுதான் நம் கேள்வியின் மறுபக்கம் நமக்குத் தெரிந்தது. சொன்னதால் ஒரு கூடு அழிந்தது; சொல்லாததால் ஒரு குன்றே அழிய இருந்தது. கண்டவன் வாய் திறந்தாலும் கேடு, மூடினாலும் கேடு என்றால், அவன் செய்யத்தக்கது யாது?

இங்கே பாறுகளின் கதையை நினைவுகூர்வது பொருந்தும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் அருவருத்து ஒதுக்கும் பறவை அது. 1938இல் வேட்டை நடந்த அதே பரத்பூரில், பாறுகளின் கூடுகளை எண்ணிக் குறித்துவந்தார் விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர். 1990களில் எண் சரிந்துகொண்டே போவதைக் கண்டு அவர் குரலெழுப்பினார். கால்நடைகளுக்கு வலி நீங்கக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம். அம்மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன என்பது 2004இல் உறுதியாயிற்று. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான அம்மருந்தைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் சில நம் நீலகிரியின் அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டுகின்றன. எண்ணி எழுதிய ஒருவர் இல்லாதிருந்தால், மருந்து தடைப்பட்டிருக்குமா? எஞ்சியவை எஞ்சியிருக்குமா?

ஆகவே எண்ணுவது குற்றமன்று. பரத்பூரில் 4,273 என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். கூடுகளை எண்ணிக் கலங்கியவரும் இருந்தார். எண் ஒன்றே, நிய்யத் வேறு. ஒன்று எண்ணியவனின் புகழுக்கு; மற்றொன்று எண்ணப்பட்ட உயிரின் வாழ்வுக்கு. ஒருவன் காட்டுக்குப் போவது பார்வையாளனாகவா, சாட்சியாகவா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பார்வையாளனுக்குக் கடமை இல்லை. காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடலாம். சாட்சி அவ்வாறு போக முடியாது.

நம் மக்களிடையே 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். அதனை ஊரறியக் கடைவிரித்துக் காட்டிப் பெருமை தேடுவது துரோகம். அதனை மறைத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று கைவிரிப்பதும் துரோகமே. இரண்டு துரோகங்களையும் நாம் செய்திருந்தோம். முதலாண்டு கடைவிரித்தோம்; பின்னர்க் கைவிரித்தோம். காட்டில் ஓர் உயிர் தன் மறைவான வாழ்வை நம் கண்ணில் படவிடுகிறது என்றால், அந்தக் காட்சி நமக்குக் கிடைத்த பரிசன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். காக்கவேண்டிய நேரத்தில் காக்கவும், கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுக்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

கூட்டத்தில் எழுந்து பேசலாம் என்று முடிவுசெய்து குறிப்பேட்டை எடுத்து வர வெளியே வந்தோம். ஆடு மேய்க்கும் அதே பெரியவர் மரத்தடியில் நின்றிருந்தார். நாம் எதற்குப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"கோட்டான் இருக்குதுன்னு சொல்லுங்க பாய், சொல்லத்தானுங்க வேணும். ஆனா, அதைச் சொல்லிப்போட்டு, இனி இந்தக் கரட்டுல ஆடு விடக்கூடாதுன்னு ஆக்கிப்போடாதீங்க" என்றார்.

அவர் அச்சம் வெறும் அச்சமன்று. பரத்பூரிலேயே அதற்குச் சான்று உண்டு. மேய்ச்சல் பறவைகளுக்குத் தீங்கு என்று கருதி, 1982இல் அங்கே எருமைகள் நுழையத் தடை விதித்தார்கள். தலைமுறைகளாக மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தனர்; துப்பாக்கிச் சூடு நடந்தது; மனித உயிர்கள் பலியாயின. பின்னர்ப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு ஆய்ந்து கண்ட முடிவோ வேறாக இருந்தது. எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. அதனால் நீர்ப்பறவைகளே இடமிழந்தன. தாம் எதிர்பார்த்ததற்கு மாறானதைக் கண்டபோதும் அதனை மறைக்காமல் எழுதினார்களே, அது மெய்யான சாட்சியம். ஆனால் இறந்தவர்கள் இறந்தவர்கள்தாம். சாட்சியம் முன்னரே கேட்கப்பட்டிருந்தால், அங்கிருந்த மேய்ப்பர்களையும் சாட்சிகளாக மதித்திருந்தால், என்னும் ஏக்கத்தை எவராலும் தவிர்க்க முடியாது.

காவிரிக்கு அப்பால் நம் கண்ணுக்கெட்டும் தொலைவிலும் இதே கேள்வி எழுந்தது. அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் 80,500 ஹெக்டேருக்கு மேற்பட்ட மலைக்காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் என்று 2024 சனவரியில் தமிழக அரசு அறிவித்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் கன்னட நாட்டுக் காடுகளையும் இணைக்கும் யானைத்தடம் அங்கே இருக்கிறது. காக்கப்படவேண்டிய காடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மலையில்தான் பர்கூர் மாடுகளைப் பட்டியில் அடைத்து மேய்த்து வாழும் மக்களும் இருக்கிறார்கள். செம்மைமேல் வெண்புள்ளி படர்ந்த அந்த மாட்டினமும் அந்த மலைக்கே உரியது. மேய்ச்சல் உரிமை என்னாகும் என்று அவர்கள் கலங்கியது நியாயமே. காட்டைப் பார்க்க வாரம் ஒருநாள் வருகிறவனுக்கு வழி திறந்து, காட்டில் வாழ்கிறவனுக்கு வழி அடைபடுமானால், அந்தக் காப்பு யாருக்காக?

அரபு நாட்டில் 'ஹிமா' என்னும் ஏற்பாடு இருந்தது. பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதற்குக் காவலர் ஒருவரை அமர்த்தியபோது சொன்ன அறிவுரை நினைக்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள எளியவரை உள்ளே விடவேண்டும். பெருஞ்செல்வர்களின் மந்தைகளை விடலாகாது. செல்வர்க்கு மந்தை அழிந்தாலும் தோட்டமும் வயலும் உண்டு, எளியவர்க்கு வேறு ஏது என்பது அதன் கருத்து. செல்வர்கள் என்று அவர்கள் பெயர் சுட்டியவர்களோ மதிப்புமிக்க தோழர்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, காத்தலும் நீதியும் ஒரே வேலிக்குள் நிற்கவேண்டும் என்று ஒரு மனிதர் கண்டிருக்கிறார். நாம் வேலியை மட்டும் கற்றுக்கொண்டோம்.

கூட்டத்தில் நாம் பேசியது சிறிது நேரமே. கண்ட பறவைகளின் பெயர்களையும் நாள்களையும் படித்தோம். கொம்பன் ஆந்தை அங்கே முட்டையிடுவதைச் சொன்னோம். எந்த விளிம்பில் என்பதைச் சொல்லவில்லை. அந்நுண்குறிப்பைத் தனித்தாளில் எழுதி அலுவலரிடம் மட்டும் கொடுத்தோம். முதலாண்டு அழிந்த முட்டைகளுக்கு நாமே காரணம் என்பதையும் மறைக்கவில்லை. தன் பிழையை விட்டுவிட்டுச் சொல்லும் சாட்சியம் பாதிச் சாட்சியம். இறுதியாக, இந்தப் பறவையை நாம் அறியுமுன் அறிந்தவர்களும், அறிந்தும் கலைக்காதவர்களும் இங்கே ஆடு மேய்ப்பவர்களே. ஆந்தையும் ஆடும் இக்குன்றில் ஒன்றாக வாழ்ந்து வந்திருக்கின்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வேண்டினோம். எழுதிக்கொண்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் 'ஏதும் இல்லை' என்னும் வரி இப்போது அங்கே தனித்து நிற்கவில்லை.

பார்வையிலும் ஒரு பணிவு உண்டு என்பதை நம் நாட்டு எளிய மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டிலும், சிவகங்கைச் சீமையின் கொள்ளுக்குடிப்பட்டியிலும், ஏரிக்கு வரும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தொலைநோக்கி இல்லை, பட்டியல் இல்லை. குழந்தைகளின் ஆசையை ஆண்டுக்கு ஒருநாள் அடக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. பறவை நோக்கும் கலையில் முதல் பாடம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதனால், எவரும் காட்டுக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்வதாக அன்பர்கள் கொள்ளலாகாது. போகத்தான் வேண்டும். காணாத ஒன்றை எவரும் காக்கமாட்டார். ஆனால் போகுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டியவை சில உண்டு. நான் நிற்கும் இடத்தால் இந்த உயிர் தன் வேலையை நிறுத்துகிறதா? அப்படியானால் பின்வாங்கவேண்டும். இதனைச் சொல்ல என் நா துடிப்பது அதன் நன்மைக்கா, என் பெருமைக்கா? ஐயமிருந்தால் பொறுக்கவேண்டும். கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறேனா, காண விரும்பியதை எழுதியிருக்கிறேனா? அழிவு வாசலுக்கு வரும் நாளில் இந்த ஏட்டைத் திறந்து பேசும் துணிவு எனக்கு இருக்குமா? இந்த நான்குக்கும் விடை சொல்லிக்கொண்டவன் காட்டுக்குள் போகலாம்.

சென்ற மாசியில் ஒரு மாலை, மஃரிபுத் தொழுகைக்குப் பின் அந்தக் குன்றுக்குக் கீழே உள்ள சாலையில் நின்றிருந்தோம். ஏறவில்லை. இருள் கவிந்ததும் மேலேயிருந்து அடித்தொண்டைக் குரல் ஒன்று எழுந்தது. சிறிது நேரங்கழித்து மறுபுறமிருந்து மற்றொன்று விடை சொன்னது. ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு பெரியவர் அவ்வழியே வந்தார்.

"இருக்குதுங்களா பாய்?" என்றார்.

"இருக்குதுங்க" என்றோம்.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து ஊர்ப்பக்கம் நடந்தோம்.